ஐந்தரை அங்குலமா, ஏழரை அங்குலமா

1

சென்ற சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பொலிஸ் வந்தது. ஊரில் இருப்பவர்கள் இந்த வரியை வாசித்ததும் நெஞ்சில் கை வைப்பார்கள் என்று தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. வந்தவர் ஒரேயொருவர். வரச் சொல்லி விண்ணப்பம் போட்டவனும் நானே. எனக்குத் துவக்கு வைத்திருக்க அனுமதி கொடுக்கலாமா என்று பார்க்க வந்தார்.

துவக்குத்தான், சுடுகிற துப்பாக்கி, பிழையாக எழுதவில்லை. அதுவும் எதற்கு? ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டம் வரைந்த மட்டையில் சுட்டு விளையாடுவதற்கு. இதை எழுதும்போதே காது சுடுகிறது.

சஞ்சிகையின் இந்தப் பக்கத்தில் இதுவரை பனியைப் பற்றி எழுதியிருக்கிறேன். ரயில் பிந்துவதைப் பற்றி, லண்டன் ஆர்ச்வே முருகன் கோவிலில் சப்பாத்தைத் தொலைத்துவிட்டு வெறும் காலுறையோடு வீடு வந்ததைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறேன். வாசித்துச் சிரித்ததாகச் சிலர் கடிதமும் போட்டார்கள். யாழ்ப்பாணத்துக்குள் இப்போது இந்தச் சஞ்சிகை போகிறதோ தெரியாது. வழக்கமாக அதை நினைத்துக் கவலைப்படுவேன். இந்தமுறை போகாவிட்டால் நல்லது என்று இருக்கிறது.

2

நான் கவுன்சில் அலுவலகம் ஒன்றில் கட்டட வரைபடம் கீறுகிறவன். என் பக்கத்து மேசை ஜெஃப். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய், எங்கள் கிளப்புக்கு வந்து பாரேன்" என்று கேட்டான். இந்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரன் ஞாயிற்றுக்கிழமைக்கு அழைப்பது லேசான காரியம் அல்ல. பன்னிரண்டு வருடத்தில் அதுவே முதல்முறை. எங்கே, எதற்கு என்று கேட்காமலே ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

ரயில் பாலத்துக்குக் கீழே நீளமான ஓர் அறை. ஒரு முனையில் மட்டைகள், மறுமுனையில் மேசைகள். பின்னால் தேநீரும் பிஸ்கட்டும். வந்திருந்தவர்கள் எல்லாரும் ஆசிரியர், பல்வைத்தியர், குழாய் பொருத்துகிறவர் என்று சாதாரண மனிதர்கள். என்னை அங்கே இழுத்தது சத்தமும் அல்ல, புகையும் அல்ல. அங்கே இருந்த ஒழுங்கு. ஒருவர் மட்டையை மாற்றப் போனால் மற்றவர்கள் துவக்கை வெறுமையாக்கி மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நிற்க வேண்டும். அவர் திரும்பி வரும்வரை யாரும் தொடக்கூடாது. வெறும் துவக்கைக்கூட ஒரு மனிதன் நிற்கும் பக்கம் திருப்பக்கூடாது. தவறிப்போய்த் திருப்பிய ஒரு கனவானை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். துவக்குக்கு இவ்வளவு மரியாதையான சட்டதிட்டம் உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் புதினமாக இருந்தது.

நான் சண்டைக்கு முன் வந்தவன். அதைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் படிக்க என்று வந்து, பிறகு நின்றுவிட்டேன். ஊரில் நடந்தது எல்லாவற்றையும் தொலைபேசியிலும் பேப்பரிலும்தான் அறிந்தேன். வாழ்நாளில் நான் அருகில் பார்த்த துவக்கு, எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு வந்த பொலிஸ்காரர் சுவரில் சாத்தி வைத்துவிட்டுக் கச்சான் சாப்பிட்ட துவக்கு ஒன்றுதான். ஆனால் ஜெஃப் என்னை அறிமுகம் செய்து வைக்கும்போது, "இவர் ஜஃப்னா. உண்மையானதை எல்லாம் பார்த்தவர்" என்றான். கிழவர்கள் எழுந்து கை கொடுத்தார்கள்.

நான் மறுக்கவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அதிகம் பேச விரும்பாத மனிதர் என்று நினைத்துக்கொண்டார்கள். பட்டவர்கள் வேறு ஆட்கள், பெருமை எனக்கு. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெருமையோடு போய் அந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டேன்.

3

கிளப்பில் ஆறு மாதம் பழகியபின் சொந்தத் துவக்குக்கு விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் நவீனமானவை வைத்திருந்தார்கள். எனக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஊர்ப் படங்களிலும் பேப்பரிலும் இயக்கப் பெடியன்களின் இடுப்பில் பார்த்த சாயல் இருந்தது. எனக்கு வேண்டியது பழைய மாதிரி ரிவோல்வர். நூறு வருடத்துக்கு முந்தியது. யாழ்ப்பாணத் தியேட்டரில் காலைக்காட்சிக்குக் குதிரைப் படங்கள் போடுவார்களே, அதில் தொப்பிக்காரன் விரலில் சுழற்றி உறையில் போடுவது. அப்படியானது என்றால் அது துவக்கு அல்ல, ஒரு சின்னவயது ஆசை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அசல் பழையது வாங்க வீட்டை விற்க வேண்டும். ஆனால் அதே அச்சில் இத்தாலியில் புதிதாகச் செய்து அனுப்புகிறார்கள். பார்வைக்குப் பழசு, உள்ளே புது உருக்கு. ஜெஃப் என்னை ஒரு கடைக்குக் கூட்டிப் போனான். கடைக்காரர் பச்சைத் துணி விரித்து மூன்றை எடுத்து வைத்தார். எனக்குத் தரகர் பெண்களின் படங்களைப் பரப்பிக் காட்டிய நாள் நினைவு வந்தது. அப்போதும் இப்படித்தான் என்ன கேட்பது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன்.

கேட்க நிறைய இருந்தது. முதலில் ரவையின் பருமன், அதாவது குண்டின் அளவு. நாற்பத்தைந்து என்றால் அசலுக்குக் கிட்ட, ஆனால் தோளைப் பிடுங்கும், ரவையும் விலை. முப்பத்தெட்டு என்றால் சாது, மலிவு. சிறிய அறைக்குள் சுட அதுவே போதும் என்றான் ஜெஃப். விண்ணப்பத்தில் பருமனை முன்கூட்டியே எழுத வேண்டும், பொலிஸ் எழுதிக் கொடுத்ததைத்தான் வாங்கலாம். ஆகவே முப்பத்தெட்டு என்று முடிவானது. பிறகு குழலின் நீளம். ஐந்தரை அங்குலம் கைக்குள் அடக்கமாக நின்றது. ஏழரை அங்குலம் குறி பார்க்க நல்லது, ஆனால் முன்பாரம். இரண்டையும் மாறி மாறித் தூக்கி, சுவரில் இருந்த ஒரு மான்தலைக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பிடி, வால்நட் மரம். பக்கத்தில் ஒரு சின்னக் கதவைத் திறந்து ரவையை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஆறு அறை இருந்தாலும் ஐந்துதான் போடுவதாம், சுத்தியலுக்கு நேரே வரும் அறையை வெறுமையாக விடுவார்களாம். கைதவறி விழுந்தால் வெடிக்காமல் இருக்க நூறு வருடத்துக்கு முந்திய மாடுமேய்ப்பவர்கள் கண்டுபிடித்த வழி. இதைக் கேட்டு நான் புல்லரித்துப் போனேன். வளர்ந்த மனிதன், ஒரு பிள்ளையின் தகப்பன்.

குழல் நீளத்தை மட்டும் முடிவு செய்ய முடியவில்லை. மூன்று கிழமை அதே யோசனை. அலுவலக வரைபடத்தின் ஓரத்தில் ஐந்தரையும் ஏழரையும் அளவெடுத்துக் கீறிப் பார்த்தேன். வீட்டில் கௌரியிடம் வாய்விட்டும் கேட்டேன். கௌரி என் மனைவி. பல்வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் வேலை. சண்டைக்குள் இருந்து, கலியாணத்துக்காக எண்பத்தாறில் வந்தவள்.

"ஏழரை எண்ட சொல்லை வீட்டுக்கை சொல்லாதேங்கோ" என்றாள். "அந்தச் சனியன் ஏற்கெனவே உங்களில ஏறி இருக்குது. அங்க சனம் துவக்கைக் கண்டு ஓடுது. நீங்கள் அதைத் தேடிக் கடைக்குப் போறியள். உங்களுக்கென்ன விசரோ?"

"இது துவக்கு மாதிரி இல்லையப்பா. பழைய சாமான். இதொரு ஸ்போர்ட்."

"வசந்தனுக்கும் அதைச் சொல்லுங்கோவன்."

எங்களோடு இருக்கும் மைத்துனன் வசந்தனுக்குச் சொல்லவில்லை. இருவரும் சொல்லவில்லை. மகள் நிலானியையும் சொல்லக்கூடாது என்று தடுத்திருந்தோம். ஒன்பது வயது. அவளுக்குத் தமிழில் இரகசியம் சொல்ல வராது, ஆங்கிலத்தில் அவள் மாமாவோடு பேசுவதில்லை. ஆகவே அந்தப் பக்கம் பயமில்லாமல் இருந்தது. "அப்பா கௌபோய் ஆகப் போகிறாராம்" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். பள்ளித் தோழிகளுக்குத் தெரிந்தால் செத்துவிடுவாளாம்.

4

வசந்தன் கௌரியின் கடைசித் தம்பி. இருபத்துநாலு வயது. சென்ற வருடம் வந்து அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு எங்களோடு இருக்கிறான். இரவில் பெற்றோல் செட்டில் வேலை, பகலில் நித்திரை, திங்களும் புதனும் ஆங்கில வகுப்பு. ஊரில் அவனை ஒருமுறை பிடித்துக்கொண்டு போய் வைத்திருந்து, பிறகு விட்டார்கள். பிடித்தது யார் என்று எழுதத் தேவையில்லை, எல்லாரிடமும் துவக்கு இருந்தது. அதைப் பற்றி அவன் பேசியதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

துவக்கு வைக்க உருக்குப் பெட்டி வேண்டும், அதைச் செங்கல் சுவரில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும் என்று பொலிஸ் விதி. எங்கள் வீட்டில் மாடியில் நல்ல செங்கல் சுவர் உள்ள இடம் சின்ன அறைதான். அது வசந்தனின் அறை. அங்கே சுவரோடு சேர்த்துக் கட்டிய அலுமாரி ஒன்று இருக்கிறது. அதற்குள் பெட்டியைப் போல்ட் போட்டுப் பூட்டினோம். பூட்டினோம் என்று பன்மையில் எழுதுவதற்குக் காரணம், துளை போட்டவன் வசந்தன்.

"என்னத்துக்கு அத்தான் இவ்வளவு பெலத்த பெட்டி?" என்று கேட்டான்.

"நகையும் பாஸ்போட்டும் வைக்க. இந்தப் பக்கம் களவு கூட."

"ஓம், நல்லதுதான்" என்று மெஷினைப் பிடித்துச் சுவருக்குள் நாலு ஓட்டை போட்டான். முழங்கை வரை செங்கல் தூள். வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த தன் உள்நாட்டு அமைச்சுக் கடிதத்தை நீட்டினான். அவன் இந்த நாட்டில் இருக்கலாம் என்பதற்கு அவனிடம் இருக்கும் ஒரே அத்தாட்சி அது. "இதையும் உதுக்கை வைச்சுவிடுங்கோ அத்தான். கொண்டு திரியப் பயமாக் கிடக்கு" என்றான். நான் அதை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

5

பொலிஸ்காரர் திங்கட்கிழமை பின்னேரம் வருவதாக இருந்தது. அந்த நேரத்தை நான்தான் கேட்டு வாங்கினேன், வசந்தன் வகுப்புக்குப் போயிருப்பான் என்று. ஆனால் அவர் சனிக்கிழமை காலையே வந்துவிட்டார். இந்தப் பக்கம் வேறு வேலையாக வந்தாராம், அப்படியே இதையும் முடித்துவிடலாம் என்று நினைத்தாராம். நிலானி நடன வகுப்பில். வசந்தன் இரவு வேலை முடித்து வந்து மேலே நித்திரை. நான் குளியலறையில் முகத்தில் சவர்க்கார நுரையோடு நிற்கிறேன். கதவைத் திறந்தது கௌரி.

இங்கே ஒரு விஷயம் விளக்க வேண்டும், ஊர்க்காரருக்கு அல்ல, கொழும்பிலும் வெளியிலும் இருக்கும் வாசகருக்கு. எங்கள் பெண்களுக்குச் சீருடை போட்டவன் வாசலில் நின்று ஏதாவது கேட்டால் பதில் ஒன்றுதான். வீட்டில் ஆண்பிள்ளைகள் ஒருவரும் இல்லை. அவன் என்ன கேட்டான் என்பது முக்கியமில்லை. கௌரியின் அம்மா இப்படிச் சொல்லும்போது வசந்தன் தலைக்கு மேலே பரணில் படுத்திருப்பானாம். கௌரியும் ஊரில் அப்படிச் சொல்லியிருக்கிறாள். லண்டன் வந்த பிறகும் விடவில்லை. தொலைக்காட்சி லைசென்ஸ் பார்க்க வந்தவரிடமும், எரிவாயு மீற்றர் வாசிக்க வந்தவரிடமும், நான் உள்ளே சோறு சாப்பிட்டுக்கொண்டு இருக்க, "ஒருவரும் இல்லை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். நாங்கள் சிரிப்போம்.

அன்றைக்கும் அந்த மனிதர் வணக்கம் சொல்லி, என் பெயரைச் சொல்லி, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். துவக்கு இருக்கப்போகும் வீடு, கேட்பது அவர் கடமை.

"ஒருவரும் இல்லை சேர்" என்றாள் கௌரி. ஆங்கிலத்தில், உரத்து. "என் கணவர் மட்டும். வேறு ஒருவரும் இல்லை. ஆண்பிள்ளைகள் இல்லை."

நான் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடி இறங்கினேன். இறங்கும்போது சின்ன அறைக்குள் கட்டில் ஒருதரம் கிரீச்சிட்டது. கௌரியின் முகத்தைப் பார்த்தேன். தான் சொன்னது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருந்தது. பொய்யைத் திருத்துவதா, விடுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நானும் திருத்தவில்லை. பொய் சொன்ன வீட்டுக்கு லைசென்ஸ் கொடுப்பார்களா என்றுதான் அந்த நேரத்தில் என் மூளை ஓடியது. "பெட்டி மேலே இருக்கிறது, வாருங்கள்" என்று கூட்டிக்கொண்டு போனேன். வசந்தன் கிடந்தால் விருந்தாளி என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

கட்டில் வெறுமையாக இருந்தது. போர்வை விலகிக் கிடந்தது. தலையணையில் தலை வைத்த பள்ளம். பொலிஸ்காரர் அதைப் பார்த்தார். நான் அலுமாரியைத் திறந்தேன்.

கோட்டுகளுக்கு நடுவில், உருக்குப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு, வசந்தன் நின்றான். பெனியன் போட்டு, சாரம் கட்டியிருந்தான். கண்ணை மூடியிருந்தான். வெளிச்சம் பட்டதும் திறக்காமலே இரண்டு கையையும் தூக்கித் தலையில் வைத்தான். பிறகு மெல்ல வெளியே வந்து, யாரும் சொல்லாமலே, முழங்காலில் நின்றான்.

பொலிஸ்காரர் ஓரடி பின்னால் போய்விட்டார். நல்ல மனிதர். "பரவாயில்லை மகனே, எழும்பு. நான் ஒரு பெட்டியைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றார். வசந்தனுக்கு அது விளங்கவில்லை. கை தலையில் இருக்க, முகத்தை நீட்டி நாடியால் பெட்டியைக் காட்டி, "பேப்பர், சேர். பேப்பர் இன்சைட்" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். நான் திறப்பை எடுத்துத் திறந்தேன். உள்ளே பாஸ்போட்டும் இல்லை, நகையும் இல்லை. அவனுடைய கடிதம் மட்டும் இருந்தது.

பொலிஸ்காரர் அதை வாசித்தார். எல்லாம் சரி என்று தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, இதை வேறு எங்காவது வைக்க வேண்டும், இந்தப் பெட்டிக்குள் துவக்கைத் தவிர வேறெதையும் வைப்பது நல்லதல்ல, அப்போதுதான் மற்றவர்களுக்கு இதைத் திறக்கும் தேவை வராது என்றார். துவக்கு என்ற சொல் வசந்தனுக்கு விளங்கியது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கௌரி ஓடி வந்து அவன் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கப் பார்த்தாள். இறங்க மறுத்தன. அவள் அவனோடு நிலத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"எத்தனை போல்ட்?" என்று பொலிஸ்காரர் கேட்டார். அவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, வேலையைப் பிடித்துக்கொண்டார்.

நான் பதில் சொன்னேன். அவர்கள் இருவரும் என் காலடியில் இருக்க, "நாலு. செங்கலுக்குள் போகிறது" என்று சொன்னேன். பெட்டியை ஆட்டியும் காட்டினேன்.

6

விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை தொலைபேசியில் சொன்னேன், காரணம் கேட்கவில்லை. ஜெஃப் கேட்டான். மனைவிக்கு விருப்பமில்லை என்றேன். மனைவிமார் அப்படித்தான் என்று தோளில் தட்டினான். அதற்கும் தலையாட்டினேன். ஆனால் நான் எழுத வந்தது அதற்கு முதல், சனிக்கிழமை மத்தியானம் நடந்தது.

பொலிஸ்காரர் போனபின் நான் கீழே குசினியில் போய் இருந்தேன். கௌரி சோறு போட்டுவிட்டு என் பக்கம் பாராமல் பாத்திரம் கழுவினாள். வசந்தன் வந்து என்னை ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். ஏச வேண்டும் என்று விரும்பினேன் என்றும் சொல்லலாம். என்ன சொல்வான் என்று நானே மனதுக்குள் எழுதிக்கூட வைத்திருந்தேன். என்னைவிட நன்றாக யார் என்னை ஏச முடியும்?

படியில் சத்தம் கேட்டது. வசந்தன் ஜாக்கெட் போட்டு, வந்தபோது கொண்டுவந்த பையைத் தோளில் மாட்டியிருந்தான். பையைக் கதவடியில் வைத்துவிட்டு என் முன்னால் கதிரையில் இருந்தான். கௌரிக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"அத்தான், ஆர் வெருட்டினது?"

"என்னடா?"

"மறைக்காதேங்கோ. கொஞ்ச நாளா நான் வந்தா ரெண்டு பேரும் கதையை நிப்பாட்டிறியள். பிள்ளையும் ஒரு மாதிரிப் பாக்குது. பெட்டி பூட்டேக்கையே எனக்கு ஒரு யோசினை வந்தது." தொண்டையைச் செருமிக்கொண்டான். "என்னைத் தேடி ஆரும் வந்தவங்களோ? என்னாலதானே நீங்கள் துவக்கு எடுக்க வேண்டி வந்தது?"

அவன் கதவடியில் இருந்த பையைப் பார்த்தான்.

"ரெய்னர்ஸ் லேன்ல என்னோட வேலை செய்யிற பெடியன் ஒருத்தன் அறை வைச்சிருக்கிறான். நான் அங்க போறன். நான் இல்லையெண்டா உங்களுக்குத் துவக்குத் தேவைப்படாது. பொம்பிளைப்பிள்ளை இருக்கிற வீடு. அக்காவுக்கு நான் பிறகு சொல்லுறன்."

எழும்பிவிட்டான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"ஒருத்தரும் வெருட்டேல்லை வசந்தன். ஒருத்தரும் உன்னைத் தேடி வரேல்லை. அது... விளையாட்டுக்கு."

"விளையாட்டுக்கோ?"

"ஓம். ஞாயிற்றுக்கிழமையில ஒரு கிளப் இருக்கு. மட்டையில சுடுறது. அலுவலகத்து ஆக்களோட."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். இப்போது ஏச்சு வரும் என்று நினைத்துக் கண்ணைத் தாழ்த்தினேன்.

"அப்ப ஒருத்தரும் தேடேல்லை?"

"இல்லை."

"சத்தியமா அத்தான்?"

"சத்தியமா."

அவன் மூச்சு விட்டான். முகம் முழுக்க மாறிவிட்டது. வந்த நாளிலிருந்து அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை. திரும்பி, தண்ணீர்க் குழாயின் இரைச்சலுக்கு மேலால் கத்தினான்.

"அக்கா! பயப்பிடாதை அக்கா! ஒண்டுமில்லையாம். அத்தான் விளையாடத்தானாம்!"

அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, இரவு வேலைக்கு முன் கொஞ்சம் படுக்க வேண்டும் என்று மேலே போனான். கௌரி குழாயை மூடினாள். நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.